ஆபீஸ் தொல்லைகள்: கேளுங்கள், சொல்கிறோம்

பெரிய பிரச்சினை என்றால் மீட்டிங் போடுவார்கள். தினமும் பத்து நிமிடம் உயிரை வாங்கும் சின்னத் தொல்லைகளுக்கு யாரும் போடுவதில்லை. அப்படிப்பட்ட கேள்விகளைத்தான் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். சேர்த்து வைத்துப் படித்தபோது ஒன்று பிடிபட்டது: கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது கிளம்புகிற இடம் வேறு. கண்ணில் பட்டதையே தட்டிக்கொட்டிக்கொண்டிருந்தால் அலுப்புதான் மிச்சம்.

கேள்வி: எங்கள் லேசர் பிரிண்டரில் நாலு தாளுக்கு ஒரு தாள் சிக்குகிறது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்தால் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது. அவர் போன மறுநாள் பழைய கதைதான். என்னதான் அதற்கு வியாதி?
*— பிரிண்டர் பக்கத்தில் இருக்கை என்பதாலேயே எல்லோரும் கூப்பிடும் வாசகர்*

சர்வீஸ் ஆள் எந்தத் தாளை வைத்துப் பார்த்தார் என்று யோசியுங்கள். அநேகமாகப் புதுக் கட்டு ஒன்றைப் பிரித்திருப்பார். உங்கள் டிரேயில் இருப்பது என்றைக்கோ பிரித்து, காற்றில் கிடந்த தாள். முதல் சந்தேகம் இயந்திரத்தின் மேல் அல்ல, தாளின் மேல்தான் விழ வேண்டும்.

தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அதுவும் ஓரம்தான் முதலில் குடிக்கும். ஓரம் நெளிந்துபோன தாள், டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசருக்குள் நுழைகிறது. அங்கே கிட்டத்தட்ட 200 டிகிரி சூடு. ஈரம் சட்டென்று ஆவியாகி வெளியேற, தாள் சுருள்கிறது. சுருண்ட முனை வெளியேறும் வழியிலோ, இரண்டு பக்கமும் அச்சடிக்கத் திரும்பும் வழியிலோ இடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்க அச்சில் வராத சிக்கல் இருபக்க அச்சில் மட்டும் வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே அன்றாடம் வேண்டிய அளவை மட்டும் டிரேயில் வைத்துவிட்டு, மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்து, டேப் ஒட்டி வையுங்கள். அந்த உறை வெறும் பொட்டலத் தாள் அல்ல, உள்ளே ஈரம் புகாமல் இருக்கத்தான் அது. பல உறைகளில் ஒரு அம்புக்குறி இருக்கும். எந்தப் பக்கத்தில் முதலில் அச்சடிக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. டிரேயில் தாள் ஏற்கெனவே சுருள ஆரம்பித்திருந்தால் மொத்தக் கட்டையும் புரட்டிப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

டிரேயில் நாலு தாள் இருக்கும்போது மேலே புதுக் கட்டைச் சொருகுவது எல்லோரும் செய்யும் தப்பு. பழையதை வெளியே எடுத்து, புதியதோடு சேர்த்து, விசிறிபோல ஒருமுறை விரித்து, மேஜையில் தட்டி ஓரம் சமன் செய்து மொத்தமாக வையுங்கள். உள்ளே ஒரு கோடு இருக்கும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பக்கவாட்டுத் தடுப்புகள் தாளைத் தொட வேண்டும், நெருக்கக் கூடாது. நெருக்கினால் தாள் நடுவில் வில்லாகும். தளர்த்திவிட்டால் கோணலாகப் போகும்.

இவ்வளவும் சரி, இன்னும் சிக்குகிறது என்றால் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். டிரேயிலேயே தாளை எடுக்காமல் தவிக்கிறதா? எடுக்கும் ரப்பர் உருளையில் தூசி படிந்திருக்கும், அல்லது அது தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். பிரிண்டரை அணைத்துவிட்டு, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து உருளையைச் சுற்றிலும் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். இரண்டு மூன்று தாளாகச் சேர்த்து இழுக்கிறதா? பிரித்துவிடும் பட்டை தேய்ந்துவிட்டது. உருளையையும் பட்டையையும் ஒன்றாகவே மாற்றச் சொல்லுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிடிமானம் ஒத்துவராது.

தாள் இல்லாமலேயே 'சிக்கியிருக்கிறது' என்று திரையில் காட்டினால், முன்பு கிழித்து எடுத்த தாளின் துணுக்கு ஒன்று உள்ளே சென்சார் நாக்கை அழுத்திக்கொண்டு கிடக்கிறது என்று பொருள். அதனால் சிக்கிய தாளை, அது போகும் திசையிலேயே, இரண்டு கையாலும் மெல்ல இழுக்க வேண்டும். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேஜையில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். ஒரு மூலை குறைகிறதா, அது உள்ளேதான் இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடுங்கள். ஃப்யூசர் பக்கம் கை வைக்குமுன் அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

பாதி ஸ்டிக்கரை உரித்த லேபிள் தாளை மறுபடி உள்ளே விடும் சிக்கன புத்தி மட்டும் வேண்டாம். மிச்சமுள்ள ஸ்டிக்கர் சூட்டில் கழன்று உருளையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் சேமிப்பு எல்லாம் சர்வீஸ் பில்லில் போய்விடும்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றிய நாளிலிருந்து என் கணக்கு அரை மணிக்கு ஒருமுறை பூட்டிக்கொள்கிறது. சத்தியமாக நான் தப்பாக அடிக்கவில்லை. ஐ.டி. பிரிவில் திறந்துவிட்டு, "பார்த்து அடிங்க" என்கிறார்கள். எனக்கே என் விரல்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.
*— கணக்குப் பிரிவு வாசகி*

விரல்களை நம்புங்கள். தப்பான பாஸ்வேர்டை அடிப்பது நீங்கள் அல்ல, உங்கள் கைப்பையில் இருக்கும் போன். அதில் ஆபீஸ் மெயில் இருக்கிறதல்லவா? அது பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரின் கதவைத் தட்டுகிறது. ஐந்து தடவையோ பத்து தடவையோ, உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் எல்லையைத் தொட்டதும் கணக்கு பூட்டிக்கொள்கிறது.

உறுதி செய்துகொள்ள எளிய வழி: போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணக்கைத் திறக்கச் சொல்லி ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். பூட்டவில்லை என்றால் திருடன் பிடிபட்டான். மெயில் கணக்கில் மட்டும் மாற்றினால் போதாது. ஆபீஸ் வைஃபைக்கும் அதே பாஸ்வேர்டு என்றால், அந்த வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி இணைக்க வேண்டும். டேப்லெட், வீட்டில் இருக்கும் பழைய போன் எதுவும் விடுபடக் கூடாது.

போன் குற்றவாளி இல்லை என்றால் கணினியில் தேடுங்கள். விண்டோஸில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்று ஒன்று உண்டு. அதில் உங்கள் பெயரில் பழைய பதிவுகள் இருந்தால் நீக்குங்கள். சர்வரிலுள்ள ஃபோல்டரை ஒரு டிரைவாக இணைத்து வைத்திருந்தால் துண்டித்து, புதிய பாஸ்வேர்டில் இணையுங்கள். யாரும் நினைக்காத இடம் மீட்டிங் அறைக் கணினி. போன வாரம் அதில் நுழைந்துவிட்டு, வெளியேறாமல் திரையை மட்டும் பூட்டிவிட்டு வந்திருப்பீர்கள்.

"பார்த்து அடிங்க" என்கிறவரிடம் அடுத்த முறை ஒன்றை மட்டும் கேளுங்கள்: "டொமைன் கன்ட்ரோலர் லாகில் 4740 என்ற எண்ணில் என் பெயருக்கு எந்த இயந்திரம் காட்டுகிறது?" டொமைன் கன்ட்ரோலர் என்பது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர். கணக்கு பூட்டப்படும் ஒவ்வொரு முறையும் அதில் அந்த எண்ணில் ஒரு பதிவு விழும். கோரிக்கை எந்தக் கணினி வழியாக வந்தது என்பதும் அதில் இருக்கும். அது மெயில் சர்வரின் பெயராக இருந்தால் போன் என்று அர்த்தம். வேறொரு கணினியின் பெயராக இருந்தால் நேரே அங்கே போய் வெளியேறிவிட்டு வரலாம்.

கேள்வி: ஆன்லைன் மீட்டிங்கில் என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது. மைக்கை மாற்றிவிட்டேன், ஹெட்செட்டையும் மாற்றிவிட்டேன்.

உங்களிடம் உள்ள எதையும் மாற்ற வேண்டியதில்லை. எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவரிடம் கோளாறு இல்லை. உங்கள் குரல் இன்னொருவருடைய ஸ்பீக்கரில் ஒலித்து, அவருடைய மைக்குக்குள் புகுந்து திரும்பி வருகிறது. அவருக்கு அது கேட்கவே கேட்காது, அதனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். நீங்கள் பேசிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக மைக்கை அணைக்கட்டும். யார் அணைத்ததும் நிற்கிறதோ அவர்தான். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கவோ ஹெட்செட் போடவோ சொல்லுங்கள்.

விசில்போல ஊளையிட்டால் அது வேறு. ஒரே அறையில் இரண்டு லேப்டாப்கள் ஒரே மீட்டிங்கில் இருக்கின்றன. இரண்டாவதில் மைக்கை மட்டும் அணைத்தால் பாதிதான் சரியாகும், ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு இனிமையாகக் கேட்கிறது, மீட்டிங் தொடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்த ஆரம்பித்ததும் புளூடூத், இசைக்கான முறையை விட்டு தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். ஒலித்தரம் அங்கேதான் விழுகிறது. மீட்டிங் அமைப்பில் மைக்காக லேப்டாப்பையும், ஸ்பீக்கராக ஹெட்செட்டையும் தேர்ந்தெடுத்தால் பழைய தரம் திரும்பும். சத்தமான அறை என்றால் வயர் உள்ள ஹெட்செட்டே நிம்மதி.

கேள்வி: பக்கத்து சீட்காரர் போனில் பேசினால் மாடிக்கே கேட்கிறது. நேரில் பேசும்போது மென்மையான மனிதர். சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம்.

அவர் இரண்டு காதையும் மூடும், வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்செட் போட்டிருப்பார் என்று பந்தயம் கட்டலாம். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதபோது மனிதன் தானாகவே உரக்கப் பேசுவான். சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் அப்படித்தான். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-இல் இதைப் பற்றி எழுதினார். ஆக, இது அவர் சுபாவம் அல்ல, காதின் வேலை.

"மெதுவாகப் பேசுங்கள்" என்றால் இரண்டு நிமிடம் மெதுவாகப் பேசிவிட்டு மறந்துவிடுவார். அதைவிட, "ஒரு காதைத் திறந்து வைத்துப் பேசிப் பாருங்கள் சார், தொண்டைக்கு நல்லது" என்று சொல்லுங்கள். பல ஹெட்செட்களில் 'சைடுடோன்' என்று ஒரு வசதி உண்டு. பேசுபவரின் குரலைக் கொஞ்சமாக அவர் காதுக்கே திருப்பித் தரும். அதை இயக்கிக் கொடுத்துவிட்டால் அவருக்கே தெரியாமல் குரல் இறங்கிவிடும். அவர் முகமும் வாடாது, உங்கள் தலையும் வலிக்காது.

கேள்வி: எக்செல்லில் ஃபைலைத் திறந்தால் ஊழியர் எண்ணின் முன்னாலுள்ள பூஜ்யங்கள் காணாமல் போகின்றன. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கின்றன. அனுப்பியவரோ "என்னிடம் சரியாக இருக்கிறது" என்கிறார்.
*— மாதக் கடைசியில் மட்டும் அழும் வாசகர்*

அவர் சொல்வது உண்மை. ஃபைலும் சரியாகத்தான் வந்திருக்கிறது. நீங்கள் அதை இரட்டைக் கிளிக் செய்து திறந்த நொடியில்தான் கெடுகிறது. வந்தது சி.எஸ்.வி. வகைக் கோப்பாக இருக்கும். அது வெறும் எழுத்து, எது எண், எது குறியீடு என்ற தகவல் அதில் கிடையாது. எக்செல் தானாக ஊகிக்கிறது. 004512 என்பதைப் பார்த்ததும் எண் என்று முடிவு கட்டி 4512 ஆக்கிவிடுகிறது.

முக்கியமானது: இந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள். சேமிக்காமல் மூடினால் மூலக்கோப்பு பழுதில்லாமல் இருக்கும். சேமித்துவிட்டால் பூஜ்யம் போனது போனதுதான். அதற்குப் பிறகு அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் திரும்பாது.

சரியான வழி, முதலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறப்பது. 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' கொடுத்து ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டம் வந்ததும் 'லோட்' கொடுக்காமல் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வுக்குள் போய், எண் பத்தியின் தலைப்பில் வகையை 'டெக்ஸ்ட்' ஆக்கி, இருக்கும் மாற்றத்தை நீக்கிப் புதியதை வைக்கவா என்று கேட்டால் 'ரீப்ளேஸ்' என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள். கையால் தட்டுவதென்றால் பத்தியை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுத் தட்டுங்கள், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். புதிய பதிப்புகளில் 'ஆப்ஷன்ஸ்', 'டேட்டா' பகுதியில் இந்தத் தானியங்கி மாற்றத்தையே அணைத்துவிடும் வசதி வந்துவிட்டது.

பூஜ்யம் மட்டுமல்ல, நீளமும் சிக்கல்தான். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். கார்டு எண், நீண்ட கணக்கு எண் எல்லாம் இதில் மாட்டும். கூட்டிக் கழிக்காத எண் எதுவானாலும் அது எழுத்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக் குழப்பம் இன்னும் பொல்லாதது. 3/4 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பதை உங்கள் கணினியின் நாட்டு அமைப்பு முடிவு செய்கிறது. அனுப்பியவர் நாளை முதலில் எழுதுபவர், உங்கள் கணினியோ மாதத்தை முதலில் படிப்பது என்றால், 12 வரையுள்ள நாட்கள் எல்லாம் இடம் மாறி, ஆனால் ஒழுங்கான தேதிபோலவே நிற்கும். 12-க்கு மேலுள்ளவை தேதியாகாமல் எழுத்தாக நின்றுவிடும். கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: பத்தியைப் பாருங்கள், பாதி வலப்பக்கம் ஒட்டியும் பாதி இடப்பக்கம் ஒட்டியும் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. வலப்பக்கம் நிற்பவை சரி, இடப்பக்கத்தை மட்டும் திருத்தலாம் என்று இறங்காதீர்கள். உண்மையில் கெட்டுப்போனவை வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அனுப்புபவரிடம் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், 2024-04-03 என்பதுபோலக் கேட்டு வாங்குங்கள்.

ஆறுதலுக்கு ஒரு செய்தி. சில மனித மரபணுக்களின் பெயர்ச் சுருக்கங்கள் மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக மாறி ஆராய்ச்சித் தாள்களைக் கெடுத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் 2020-இல், பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. எக்செல் மாறும்வரை காத்திருக்க அவர்களுக்கே பொறுமை இல்லை.

இரண்டு பட்டியல்களை வி-லுக்அப் வைத்து ஒப்பிடும்போது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒத்துவரவில்லை என்கிறவர்களுக்கும் சேர்த்து: ஒருபக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கலாம். இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒளிந்திருக்கும். தேவையற்ற இடைவெளியை நீக்கும் 'டிரிம்' போட்டும் போகவில்லையா? இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதாக இருக்கும். அந்த இடைவெளி சாதாரண இடைவெளி அல்ல, 160-ஆம் எண் கொண்ட எழுத்து. டிரிம் அதைத் தொடாது. 'சப்ஸ்டிட்யூட்' கொண்டு அதைச் சாதாரண இடைவெளியாக்கி, அப்புறம் டிரிம் போடுங்கள்.

கேள்வி: காலையில் உயரமாக வைக்கும் நாற்காலி மதியத்துக்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. லீவரை மாற்ற வேண்டுமா?

லீவரை மாற்ற வேண்டாம், ஆனால் முதலில் அதைப் பாருங்கள். வளைந்துபோய், இருக்கையை ஏற்றி இறக்கும் சிலிண்டரின் தலையிலுள்ள பொத்தானை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தாலும் நாற்காலி இறங்கும். வளைவை நிமிர்த்தினால் சரி. அப்படி இல்லையென்றால் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்துவிட்டது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. வெளியிலிருந்து நிரப்ப முடியாது, துளையிடவோ சூடாக்கவோ கூடாது. மாற்ற வேண்டியதுதான்.

பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிகளில் சிலிண்டரின் தடித்த குழாய் 50 மி.மீ., மேலே ஏறி இறங்கும் மெல்லிய பகுதி 28 மி.மீ. என்பதால் வேறு நிறுவனத்து சிலிண்டரும் பொருந்தும். ஆனாலும் அளந்துவிட்டு வாங்குங்கள், உயர நீளத்தையும் சேர்த்து. கழற்றுவதுதான் கஷ்டம். திருகாணி எதுவும் கிடையாது, கூம்பு வடிவத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். ஐந்து கால் பகுதியின் அடியில், நடுப் பொத்தானை விட்டுவிட்டு, சிலிண்டரின் விளிம்பில் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் கால் பகுதி கழலும். இருக்கைப் பக்கம் இணைப்பில் துரு நீக்கும் எண்ணெயை விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பைப் ரெஞ்ச் போட்டுத் திருக வேண்டும். புதியதைப் பொருத்தும்போது கூம்பில் எண்ணெய் இருக்கக் கூடாது, துடைத்துவிடுங்கள். தலையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு "புதுசும் வேலை செய்யவில்லை" என்பவர்கள் நிறைய.

புதியது வரும்வரை: வேண்டிய உயரத்துக்கு ஏற்றி, மெல்லிய பகுதியைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையும் அதன் மேல் ஒரு ஹோஸ் கிளாம்பும் போட்டு இறுக்குங்கள். அல்லது 28 மி.மீ.க்குச் சற்று அதிகமான உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, நெடுக ஒரு பிளவு போட்டு அதன் மேல் மாட்டுங்கள். உயரம் அப்படியே நிற்கும். மாற்றத்தான் முடியாது.

கேள்வி: வயர்லெஸ் மவுஸ் திடீர் திடீரென்று திக்குகிறது. பேட்டரி புதிது.

லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கோ பென் டிரைவோ செருகியிருக்கும்போதுதான் திக்குகிறதா என்று கவனியுங்கள். யு.எஸ்.பி. 3 துளையும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். மவுஸின் ரிசீவரும் அதே அலைவரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். ஒரே பக்கம்தான் துளை என்றால் ஒரு சிறிய நீட்டிப்பு கேபிள் போட்டு ரிசீவரை மவுஸ் அருகே கொண்டுவந்துவிடுங்கள். கண்ணாடி மேஜை என்றால் கீழே ஒரு தாளை வைத்துப் பாருங்கள், சில நேரம் அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: எங்கள் ஹாலில் ஏ.சி. சண்டை ஓயவில்லை. எனக்கு விரல் மரத்துப்போகிறது, எதிர் வரிசையில் வேர்க்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி. தெர்மோஸ்டாட் தான் இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். அதன் அடியில் பிரிண்டரோ, மேலே வெயிலோ விழுந்தால் ஹால் முழுக்க வேகிறது என்று நினைத்து உங்கள் தலைக்கு மேலிருந்து குளிரைக் கொட்டும். பிரிண்டரை நகர்த்துங்கள், திரையை இழுத்துவிடுங்கள். உங்களுக்கு நேர் மேலே காற்று வரும் வாய் இருந்தால், காற்றைக் கூரையோரமாகத் திருப்பும் தகடு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். உடம்பைக் குளிரவைப்பதில் வெப்பநிலைக்கு இருக்கும் பங்கு மேலே படும் காற்றுக்கும் உண்டு. அட்டையை ஒட்டி வாயையே அடைத்துவிடுவது வேண்டாம், அந்தக் காற்று பக்கத்து வாயில் இரட்டிப்பாக வரும், சண்டையும் அந்தப் பக்கம் நகரும்.

16-க்கு வைத்தால் வேகமாகக் குளிரும் என்ற நம்பிக்கையில் சாதாரண ஏ.சி.களைப் பொறுத்தவரை உண்மையில்லை. அது அதே வேகத்தில்தான் ஓடும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடும். எண்ணை ஒரு டிகிரி மாற்றினால் அரை மணி நேரமாவது பொறுத்து, பிறகு அடுத்த டிகிரிக்குப் போங்கள்.

பெண்களுக்கு மட்டும் ஏன் அதிகம் குளிர்கிறது என்று கேலி செய்பவர்களுக்கு: கட்டட வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரங்கள் ஆண் உடலின் வெப்ப உற்பத்தியை அளவுகோலாக வைத்து வந்தவை என்பதை 2015-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

கேள்வி: லிஃப்ட் சீக்கிரம் வரட்டும் என்று மேலே, கீழே இரண்டு பொத்தானையும் அழுத்துகிறார்கள். பலன் உண்டா?

உண்டு, எதிர்மறையாக. நீங்கள் கீழே போக வேண்டும். மேலே போகும் லிஃப்டும் உங்களுக்காக நின்று, கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டு போகும். அதே லிஃப்டுக்குத்தான் நீங்கள் காத்திருக்கவும் வேண்டும்.

கேள்வி: ஸ்டேப்ளர் பின்னின் கால் தாளின் மறுபக்கம் மடங்காமல் நிற்கிறது, அல்லது நசுங்குகிறது. பின் பெட்டியில் 24/6, 26/6 என்று போட்டிருப்பது என்ன?

முதல் எண் கம்பியின் கேஜ், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். இரண்டாவது எண் காலின் நீளம், மி.மீ.இல். 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிப்பு. 20 தாள் வைத்தால் 2 மி.மீ. போய்விடும், மிச்சம் 4 மி.மீ. கால் மடங்கப் போதும். 40 தாள் வைத்தால் மிச்சம் 2 மி.மீ.தான், அது மடங்காது. நசுங்குகிறது என்றால் தாளுக்கு மெல்லிய கம்பி, 26-க்குப் பதில் 24 போடுங்கள். 10-ஆம் எண் பின் சின்ன ஸ்டேப்ளருக்கானது, மற்றதில் மாட்டாது. அடித்தட்டிலுள்ள சிறு உலோகத் தகட்டைத் திருப்பினால் கால்கள் வெளிப்பக்கமாக மடங்கும். கழற்ற வேண்டிய தாள்களுக்கு அதுதான் சௌகரியம், இழுத்தாலே வந்துவிடும்.

கேள்வி: சக ஊழியர் ஒருவர் சாட்டில் "ஹலோ" என்று மட்டும் அனுப்புவார். நான் பதில் போட்டால்தான் விஷயத்துக்கே வருவார். அதற்குள் என் வேலை கலைந்துவிடும்.

அவர் அதை மரியாதை என்று நினைக்கிறார், அதனால் கண்டிக்காதீர்கள். "வணக்கம், சொல்லுங்கள். கை வேலை முடிந்ததும் பார்த்து பதில் போடுகிறேன்" என்று உடனே ஒருவரி போட்டுவிட்டு ஜன்னலை மூடிவிடுங்கள். அவர் விஷயத்தை எழுதி வைத்துவிடுவார். நீங்கள் அவருக்கு எழுதும்போது வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் போடுங்கள். பத்து நாளில் அவரும் அப்படியே எழுத ஆரம்பிப்பார்.

நேரில் வந்து "ஒரு நிமிஷம்" என்பவருக்கு வேறு மருந்து. அவர் முகத்தைப் பார்க்குமுன், அடுத்து என்ன செய்ய இருந்தீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் ஐந்து சொல்லில் எழுதிவிடுங்கள். '17-ஆம் வரி கூட்டல் சரிபார்' என்பதுபோல. அவர் போன பிறகு "எங்கே விட்டேன்" என்று தேடும் நேரம் மிச்சம்.

கேள்வி: கீபோர்டில் காபி கொட்டிவிட்டது. அரிசியில் புதைத்து வைக்கலாமா?

வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். திறந்தபடியே கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் உள்ளே தகடு அரிக்கிறது, அதனால் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதுதான் பெரிய கேடு. ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது, தூசிதான் சேர்க்கும். சர்க்கரை போட்ட பானம் என்றால் காய்ந்தாலும் பிசுக்கு அரித்துக்கொண்டே இருக்கும். காத்திருக்காமல் திறந்து சுத்தம் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தனிக் கீபோர்டு என்றால் கவலை குறைவு: இணைப்பை எடுத்துவிட்டு, விசைகளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பிடுங்கிக் கழுவி, இரண்டு நாள் நன்றாக உலர்த்தி மாட்டலாம். போட்டோ எதற்கு என்று மாட்டும்போது தெரியும்.

கேள்வி: வெள்ளைப் பலகையில் யாரோ பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் மேனேஜர் மீட்டிங்.

அதே எழுத்தின் மேல், அழிக்கக்கூடிய மார்க்கரால் கோடு விடாமல் தடவுங்கள். அதிலுள்ள கரைப்பான் கீழேயுள்ள மையை இளக்கும். காய்வதற்குள் துணியால் துடைத்துவிடுங்கள், இரண்டு தடவை தேவைப்படலாம். மிச்சமுள்ள நிழலுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் நாலு சொட்டு. இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் பலகையின் பூச்சு போய்விடும், அப்புறம் சாதாரண மையும் அழியாது. முடிந்ததும் அந்தப் பெர்மனென்ட் மார்க்கரை அந்த அறையிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.